புங்கும் வாகையும் கல்மரமும்

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் சாலையைப் பார்க்கச் சித்திரை மாதம்தான் சரியான காலம். வெயில் மண்டையைப் பிளக்கும். பருத்தியும் மக்காச்சோளமும் அறுத்த கரிசல் காடு வெடித்துக் கிடக்கும். அந்தக் காய்ச்சலிலும் சாலையோரப் புங்கமரங்கள் மட்டும் மழையில் நனைந்தவை போலப் பளபளவென்று நிற்கும். பங்குனியில் இலையைக் கொட்டிவிட்டு, ஊரே வாடும் நேரத்தில் புதுத்தளிர் விடும் மரம் இது. தளிர் முற்றுவதற்குள் பூ வந்துவிடும். வெள்ளையும் இளஞ்சிவப்புமாகச் சின்னச் சின்னப் பூக்கள் உதிர்ந்து, மரத்தடி முழுக்கப் பொரி இறைத்த மாதிரி கிடக்கும். சங்கப் புலவர்களும் இந்தப் பூவைப் பொரி என்றுதான் பார்த்திருக்கிறார்கள்.

இந்தப் புங்குக்கு ஐரோப்பியர் வைத்த பெயர் 'இந்திய பீச்'. உண்மையான பீச் மரத்துக்கும் இதற்கும் உறவு கிடையாது. பீச் ஓக் மரத்தின் பங்காளி. புங்கு நம் அவரை, துவரையின் குடும்பம். பீச் குளிர்நாட்டு மரம், நம் சமவெளியில் வளராது. ஆனாலும் பெரம்பலூர் கடைவீதியில் அதைத் தினமும் பார்க்கலாம். பர்னிச்சர் கடையில் மைக்கா ஒட்டிய அலமாரிகளைக் காட்டி, "இது தேக்கு கலர், இது பீச் கலர்" என்று விற்கிறார்கள். மரமே போகாத ஊருக்கு அதன் நிறம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

பீச்சின் புகழுக்குக் காரணம் உண்டு. வெளிர் மஞ்சளில் லேசான சிவப்பு கலந்த மரம். ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 700 கிலோ எடை வரும். இழை நெருக்கமாக, ஒரே சீராக இருக்கும். வாசனையோ ருசியோ இல்லாததால் கரண்டி, கறி வெட்டும் கட்டை, குழந்தைகளின் பொம்மை எல்லாவற்றுக்கும் ஆகும். இழைப்புளிக் கட்டைக்கும் ஐரோப்பியத் தச்சர்கள் இதைத்தான் நம்பினார்கள். எல்லாவற்றையும் விட, நீராவியில் வேகவைத்தால் சொன்னபடி வளையும். மிகைல் தோனெட் என்ற மேசை நாற்காலித் தச்சர் இந்தக் குணத்தை வைத்தே ஒரு தொழிலை உருவாக்கினார். மொராவியாவில் பீச் காடுகளுக்கு நடுவே ஆலை போட்டார். அங்கே 1859இல் வந்த 14ஆம் எண் நாற்காலிக்கு வேண்டியவை ஆறு மரத்துண்டு, பத்துத் திருகாணி, இரண்டு நட்டு, அவ்வளவுதான். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள். நம் ஊர் ஹோட்டல்களில் ஒரு காலத்தில் இருந்த வளைந்த முதுகு நாற்காலிகளுக்கு மூத்தது அதுதான்.

இதே பீச்சை வெட்டவெளியில் மழைக்குப் போட்டால் சில ஆண்டுகளில் மக்கிவிடும். வீட்டுக்குள் அரசன், வெளியே ஏழை. எந்த மரமும் எல்லா வேலைக்கும் ஆகாது. ஒரு மரத்தை எதற்கு வைப்பது, எதற்கு வைக்கக் கூடாது என்று அறிந்ததுதான் தச்சு. அந்த அறிவு அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

புங்கிலிருந்தே தொடங்கலாம். மரமாகப் பார்த்தால் புங்குக்குப் பெரிய மதிப்பில்லை. வெட்டியபோது வெள்ளையாக இருந்து, காற்றுப் பட்டதும் மஞ்சள் கலந்த சாம்பல் நிறமாகும். பலகையாக அறுக்கும்போது பிளக்கும். விட்டுவைத்தால் வண்டு துளைக்கும். அதனால்தான் வெட்டியதும் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தார்கள். அப்படிச் செய்தால் பூச்சி குறையும். வண்டிச்சக்கரம், பந்தல்கால், விறகு என்று இதன் வேலை எளிய வேலைதான். ஆனால் இந்த மரத்தை யாரும் மரத்துக்காக வளர்க்கவில்லை. நிழலுக்கும் தழைக்கும் கொட்டைக்கும் வளர்த்தார்கள். தழை வயலுக்கு உரம். கொட்டையில் கால்பங்குக்கு மேல் எண்ணெய். விளக்கெரிக்க, சோப்புக் காய்ச்ச, சொறி சிரங்குக்குத் தடவ அந்தக் கசப்பெண்ணெய் போயிற்று. பிண்ணாக்கை யூரியாவோடு கலந்து போட்டால் தழைச்சத்து மெதுவாகக் கரைந்து பயிருக்குக் கூடுதலாகச் சேரும்.

சாலையோரத்தில் ஓர் அம்மா சாக்கு விரித்துப் புங்கங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். தட்டையான காய், ஒன்றுக்கு ஒரு கொட்டை. "என்னம்மா, வெல போவுதா?" என்று கேட்டேன். "போவுதுப்பா. முன்ன மாதிரி இல்ல. ஆனா இந்த வெயில்ல வேற என்ன வேல இருக்கு?" என்றார். நெற்றில் ஒன்றை உடைத்துக் கொட்டையை என் கையில் வைத்தார். காராமணியை விடப் பெரிது, செம்பழுப்பு, தோலில் நரம்பு ஓடியது. நகத்தால் கீறியதும் விரலில் எண்ணெய்ப் பசை ஒட்டியது. அந்த வாடை சாயங்காலம் வரை போகவில்லை.

புங்கு கடலோரத்தையும் தனக்கு வீடாகக் கொண்ட மரம். அதன் நெற்று தண்ணீரில் மிதந்துபோய் வேறு கரையில் முளைக்கும். உப்பும் சுண்ணாம்பும் உள்ள மண்ணைச் சகித்துக்கொள்ளும். அரியலூர் மண்ணில் அது இத்தனை செழிப்பாக நிற்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இந்த மண்ணே கடல் விட்டுப்போன மண்.

அரியலூர் என்றதும் மற்ற ஊர்க்காரர்களுக்கு சிமெண்ட் லாரிதான் நினைவுக்கு வரும். தமிழ்நாடு அரசின் சிமெண்ட் ஆலை 1979 முதல் இங்கே ஓடுகிறது. தனியார் ஆலைகளும் வரிசையாக நிற்கின்றன. அவை தோண்டுவதெல்லாம் சிப்பியும் நத்தையும் பவளமும் கோடிக்கணக்கான ஆண்டுகள் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல். கிரெட்டேசியஸ் எனப்படும் அந்தக் காலத்தில் கடல் இன்றைய கரையைத் தாண்டி வெகுதூரம் உள்ளே வந்திருந்தது. 1840களிலேயே இங்கிருந்து சேகரித்த படிமங்கள் இங்கிலாந்துக்குப் போய் ஆராயப்பட்டன. 1860களில் பிளான்ஃபோர்டு என்பவர் இந்தப் பாறைகளை அடுக்கடுக்காகப் பிரித்து எழுதினார். இன்றும் உலகத்துப் புவியியல் மாணவர்கள் அரியலூர், ஊட்டத்தூர் என்ற பெயர்களைப் பாடமாகப் படிக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு இது தெரியாமல் இருப்பது எனக்குப் பெரிய மனக்குறை. வாரணவாசியில் அரசு ஒரு படிம அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. பள்ளிச் சுற்றுலாக்கள் தஞ்சாவூர் போகும் வழியில் அங்கே ஒரு மணி நேரம் நின்றால் போதும்.

அந்தக் கடல் விட்டுப்போன இன்னொரு சாட்சியான சாத்தனூர் கல்மரம், திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே உள்ளே போக வேண்டிய இடத்தில் இருக்கிறது. பேருந்து குறைவு, ஆட்டோ பேசிக்கொள்வது நல்லது. வழியெல்லாம் சின்ன வெங்காயமும் பருத்தியும் விளையும் நிலம். வேலி போட்ட பூங்காவுக்குள் ஓர் ஓடைப் பள்ளம். அதற்குள் மல்லாந்து கிடக்கிறது 18 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஓர் அடிமரம்.

1940இல் இதை உலகுக்குச் சொன்னவர் எம்.எஸ்.கிருஷ்ணன். தஞ்சை மாவட்டத்து மகாராஜபுரத்துக்காரர். பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு முதல் இந்தியத் தலைவரானார். கடல் சாத்தனூருக்கு மேற்கேயும் சில கிலோமீட்டர் வரை பரவியிருந்த காலம், சுமார் 12 கோடி ஆண்டுக்கு முன் என்று அத்துறை எழுதியிருக்கிறது. ஆறு அடித்துவந்த மரம் கடலில் மிதந்து, நீர் ஊறிக் கனத்து, அடியில் சேற்றுக்குள் புதைந்தது. காற்று புகாத சேற்றில் மரம் மக்கவில்லை. மண்ணுக்குள் கசிந்த நீரில் கரைந்திருந்த சிலிக்கா ஒவ்வொரு உயிரணுவாக நுழைந்து, மரம் இருந்த இடத்தைக் கல்லால் நிரப்பியது. மரம் போயிற்று, அதன் அச்சு அப்படியே கல்லாக நின்றது.

குனிந்து பக்கத்தில் பார்த்தேன். தூரத்திலிருந்து பழுப்பு நிறப் பாறைத்தூண் போல இருந்தது, கிட்டே போனதும் மரமாகிவிட்டது. நீளவாட்டில் ஓடும் இழை, கிளை முறிந்த இடத்தில் ஒரு கணு. விரலால் தட்டினால் கல்லின் சத்தம். கண்ணை மூடிக்கொண்டு தடவினால், விறகுக்கட்டைதான். இது பூக்காத மரம், சவுக்கின் தோற்றமுள்ள ஊசியிலை மரங்களின் இனம். இன்றைய பைன், தேவதாருவின் உறவு. இன்றைய பெரம்பலூரில் அப்படி ஒரு மரமும் இயற்கையாக இல்லை.

மரம் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு விஷயம் சுவையாக இருக்கும். வாகை, புங்கு, பீச் போன்ற பூக்கும் மரங்களின் குறுக்குவெட்டை வழவழப்பாகச் சீவிப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஊசி குத்தினது போலத் துளைகள் தெரியும். தண்ணீர் ஏறும் குழாய்கள் அவை. வாகையில் வெறுங்கண்ணுக்கே தெரியும், ஒவ்வொரு துளையைச் சுற்றியும் வெளிறிய வளையம் இருக்கும். பீச்சில் மிக நுண்ணியவை, சீராகப் பரவியவை. அதனால்தான் அதன் மேற்பரப்பு அத்தனை மென்மை. ஊசியிலை மரத்தில் அந்தக் குழாய்களே கிடையாது. கல்மரத்தின் ஒரு சில்லை மெல்லிய தகடாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்து, இது எந்த வகை மரம் என்று அறிஞர்கள் சொல்வது இந்த அமைப்பை வைத்துத்தான். செத்துக் கோடி ஆண்டுகள் ஆன மரத்தின் ஜாதகம் அதன் துளைகளில் எழுதியிருக்கிறது.

காரை, கருடமங்கலம் பக்கத்துச் செம்மண் ஓடைகளில் இன்னொன்றும் கிடைக்கும். சின்னச் சின்னக் கல்மரத் துண்டுகள், உடம்பெல்லாம் விரல் பருமன் துளைகளோடு. கடலில் மிதந்தபோது கப்பற்புழு துளைத்த பாதைகள் அவை. பாய்மரக் கப்பலின் அடிப்பலகையைத் தின்றதும் இதே இனந்தான். மரத்துக்கும் புழுவுக்கும் இடையிலான சண்டை மனிதன் வருவதற்கு வெகு காலம் முன்பே தொடங்கிவிட்டது. ஒரு வேண்டுகோள்: இந்தத் துண்டுகளை யாரும் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டாம். காரையின் மேட்டுநிலம் ஏற்கெனவே நிறைய இழந்துவிட்டது.

சேற்றிலும் குளத்தடியிலும் கிடக்கும் மரம் எளிதில் கெடாது என்பது நம் முன்னோர் கண்டு வைத்திருந்த விஷயம். அத்தி மரத்துச் சிலையான காஞ்சிபுரத்து அத்திவரதர் நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை குளத்திலிருந்து வெளியே வருகிறார். 2019இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை தரிசனம் நடந்தது. அத்தி மரம் வெளியே கிடந்தால் சீக்கிரம் மக்கும், தண்ணீருக்குள் நீடிக்கும். கிணற்றின் அடிவளையத்துக்கு அதை வைத்த தச்சர்கள் அந்தக் குணத்தைத் தெரிந்தவர்கள்.

பெரம்பலூரில் ஒரு காபி குடித்துவிட்டு வடமேற்கே அரும்பாவூர் கிளம்பினேன். போகப் போகப் பச்சைமலை எதிரே எழும்பி வந்தது. நிலம் பசுமையாகிறது, தென்னையும் வயலும் தெரிகின்றன. ஊருக்குள் நுழைவதற்கு முன்பே காதில் விழும், உளியின் மேல் கொட்டாப்புளி விழும் சத்தம். அரும்பாவூரிலும் பக்கத்துத் தழுதாழையிலும் வீட்டுக்கு வீடு பட்டறை. வாசலில் அறுத்துப் போட்ட கட்டைகள், திண்ணையில் பாதி முளைத்த பிள்ளையார், உள்ளே சுவரில் சாய்த்த யாளி. இந்த மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது, தஞ்சாவூர் நெட்டி வேலையோடு சேர்த்து. விண்ணப்பத்தை முன்னெடுத்தது பூம்புகார் நிறுவனம். அக்கம்பக்கத்தில் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கும் பின்னர் அந்தச் சிறப்பு வந்தது.

ஒரு பட்டறையில் வயதான சிற்பி ஒருவர் மூன்றடி மகாலட்சுமி செதுக்கிக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி, உக்காருங்க. தூள் படும், பாத்து" என்றார். சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தும்மல் வந்துவிட்டது. அவர் சிரித்தார். "வாகை. புதுசா வர்றவங்களை இது விடாது." வாகைத்தூள் மூக்கை அரிக்கும், உலகெங்கும் தச்சர்கள் இதை அறிவார்கள். அவருக்கு அது பழகிப்போன வாடை.

அரும்பாவூரின் தாய்மரம் வாகை. போருக்குப் போய் வென்றவர்கள் சூடிய பூவின் மரம் இது. பீச்சுக்கு ஐரோப்பியச் சந்தையில் என்ன மரியாதையோ அதே மரியாதை அந்தமான் வாகைக்கும் ஒரு காலத்தில் இருந்தது. லண்டனில் 'கிழக்கிந்திய வால்நட்' என்று விற்றார்கள். ஐயா ஒரு துண்டைக் கையில் கொடுத்தார். ஓரத்தில் இரண்டு விரல் அகலம் வெளிறிய மரம். அதற்குள் திடீரென்று கோடு போட்டாற்போலக் கரும்பழுப்பு, அதில் இன்னும் கறுத்த ரேகைகள். "இந்த வெள்ளைய வெச்சா வண்டு வுழும். வைரம்தான் சாமிக்கு" என்றார். சாற்றை ஏற்றிக்கொண்டு உயிரோடு இருந்த பகுதி வெள்ளை. அதில் மாவுச்சத்து இருப்பதால் பூச்சி வரும். வைரத்தில் அந்தச் சத்து தீர்ந்து, நிறமும் கசப்பும் ஏறியிருக்கும். புழு தின்ன அதில் ஒன்றுமில்லை.

வாகையைத் தவிர மா, வேம்பு, மாவிலங்கம், நூக்கு எல்லாம் இங்கே புழங்குகின்றன. எதை எதற்கு என்பதில் இவர்களுக்குக் குழப்பமே கிடையாது. நூக்கு கறுப்பு, அழகு, ஆனால் விலையும் கையில் வலியும் அதிகம். மாமரம் மலிவு, நீண்ட நாள் தாங்காது. தேருக்கு இலுப்பை. வெயிலிலும் மழையிலும் வருஷம் முழுக்க நின்றாலும் அசையாத கனத்த மரம். சக்கரம் மட்டும் பல கோயில்களில் இப்போது திருச்சி பெல் ஆலையின் இரும்புக்கு மாறிவிட்டது. ஐயா கையிலிருந்த கொட்டாப்புளி புளிய வைரம். கசாப்புக் கடைக்காரரின் கட்டையும் புளிதான், அடி வாங்கிச் சிதறாமல் நிற்க அதை விட்டால் ஆளில்லை. ஐரோப்பாவில் பீச் செய்யும் வேலையை நம் ஊரில் புளியும் வாகையும் இலுப்பையும் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன.

சிலையை ஒரே கட்டையில் செதுக்குவது அரும்பாவூரின் பெருமை. கை தனி, பீடம் தனி என்று ஒட்டுவது இங்கே குறைச்சல். முதலில் கட்டையின் நடு மையத்தை விலக்கி அறுக்கிறார்கள். அந்த மையம் உள்ளே இருந்தால் காயும்போது நட்சத்திரமாக வெடிக்கும். பிறகு சிற்ப சாத்திரத்தின் தால அளவில், முகத்தின் நீளத்தை அலகாக வைத்து உடம்பைப் பிரித்துக் கோடு போடுகிறார்கள். பெரிய கழிவை வாள் அறுத்துத் தள்ளும், இப்போது மின்வாளும் வந்துவிட்டது. அதற்குப் பின் உளி மட்டும். ஐயாவின் பலகையில் பட்டை உளி, குழி உளி, நகக்கண் அளவு நுனியுள்ள உளி என்று நீண்ட வரிசை கிடந்தது. பார்க்காமலே கையை நீட்டி வேண்டியதை எடுத்தார்.

மகாலட்சுமியின் வலது கை விரல்களுக்கு வந்திருந்தார் அவர். இரண்டு விரலுக்கு நடுவிலுள்ள இடைவெளியைக் குடைவதுதான் சிக்கல். இழை குறுக்கே ஓடும் இடத்தில் உளியை அழுத்தினால் விரல் போய்விடும். அவர் தட்டுவதை நிறுத்தி, உளியை உள்ளங்கையால் தள்ளி, இழைக்கு எதிர்ப்பக்கமிருந்து சுருள் சுருளாகச் சீவினார். ஒவ்வொரு சுருளும் ஈர வாசனையோடு விழுந்தது. முழுக்கக் காய்ந்த வாகை கல்லாக இறுகிவிடும் என்பதால் பாதி ஈரத்திலேயே செதுக்கி, நிழலில் வைத்து மெதுவாகக் காயவிடுகிறார்கள். மயிரிழை வெடிப்பு வந்தால் அதே மரத்தூளைப் பசையில் குழைத்து அடைக்கிறார்கள். கடைசியில் அரம், உப்புத்தாள், மெருகு. கண்ணை எல்லாம் முடிந்த பின்தான் திறக்கிறார்கள்.

அந்த விரலை முடிக்க அரை மணி ஆயிற்று. கடைகளில் அச்சில் வார்த்து வரும் சிலையோடு இதன் விலையை ஒப்பிட்டுப் பேரம் பேசுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பட்டறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர்கள் பேரம் பேச மாட்டார்கள்.

அடுத்த பட்டறையில் ஒரு கோயிலுக்குக் குதிரை வாகனம் தயாராகிக்கொண்டிருந்தது. வாகனம் தோளில் சுமப்பது. அதனால் கனமில்லாத மரம் வேண்டும், உடலும் தலையும் காலும் தனியாகச் செதுக்கி மரத்திலேயே நாக்கும் துளையுமாகப் பொருத்துகிறார்கள். இருபது வயது மதிக்கத்தக்க பையன் ஒருவன் பிடரி மயிரைச் சீவிக்கொண்டிருந்தான். அப்பாவிடம் கற்றுக்கொண்டானாம். அவன் கூடப் படித்தவர்களில் பலர் திருப்பூர், சென்னை என்று போய்விட்டார்கள். "எனக்கு இதுதாண்ணே புடிச்சிருக்கு" என்றான், உளியை நிறுத்தாமல்.

ஆனால் இவர்கள் எல்லோருக்கும் ஒரே கவலை: மரம். முன்பு பச்சைமலை அடிவாரத்திலும் சாலையோரத்திலும் பெருத்த வாகைகள் நின்றன. வயதானதும் ஏலம் விடுவார்கள், இவர்கள் எடுப்பார்கள். சாலைகள் அகன்றபோது அந்தத் தலைமுறை மரங்கள் போய்விட்டன. அவற்றில் எத்தனையோ வாகைகள் நேராகச் செங்கல் சூளைக்கும் காளவாய்க்கும் விறகாகப் போயின. நூறு சிலை உள்ளே இருந்த மரம் ஒரு நாளில் சாம்பலானது. இப்போது வெளி மாவட்டங்களில் விசாரித்து லாரி வைத்துக் கொண்டுவருகிறார்கள். ஏரிக்கரையிலும் பள்ளி மைதானத்திலும் புங்கங்கன்று நடும்போது நாலுக்கு ஒன்றாக வாகையும் நட்டால் போதும். புங்கு நிழல் தரும், எண்ணெய் தரும். சிலைக்கு வைரம் தர வாகைதான் வேண்டும். அந்த வைரம் ஏற ஒரு மனிதனின் பாதி ஆயுள் ஆகும் என்பதால் இன்றைக்கே தொடங்க வேண்டும்.

கிளம்பும்போது ஐயா தன் கைபேசி எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். சிலை வேண்டுமென்றால் கூப்பிடச் சொல்கிறார் என்று நினைத்து வாங்கிக்கொண்டேன். அவர் சொன்னது வேறு. "உங்க ஊருப் பக்கம் எங்கயாச்சும் வாகை விழுந்துச்சுன்னா, வெறகுக்காரன் வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் போடுங்க தம்பி. ரெண்டாள் கட்டிப்புடிக்கிற அளவு இருந்தா நானே வண்டி எடுத்துட்டு வந்துடறேன்."